மனைவியின் பெயர்

கூர்ஸ், அதாவது வேலைப் பயிற்சி வகுப்பு, நடந்த அறையில் இருபத்திரண்டு பேர் இருந்தார்கள். எல்லாரும் கொம்மூன என்கிற நகரசபையின் வீட்டுப் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்பவர்கள். காலையில் ஒரு கிழவருக்கு மாத்திரை கொடுத்து, பின்னேரம் ஒரு கிழவிக்குக் காலுறை கழற்றி, இடையில் பஸ்ஸில் நின்றபடி பாண் தின்கிறவர்கள். அன்றைய பாடம் மறதிநோய். அந்த நோய் வந்தவர்களை வீட்டுக்காரரே அடைத்து வைத்தால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டால் யாருக்கு எழுதுவது என்பது மத்தியானத்துக்குப் பிறகான பகுதி.

படிப்பித்தவள் றொஷானி. ஒஸ்லோவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை, கொம்மூனவின் மறதிநோய்த் தாதி. நோர்வேஜிய மொழியில் நிதானமாகக் கதைத்தாள்.

"அடைத்து வைக்கிறவர்கள் கெட்டவர்கள் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். அவர்கள் களைத்தவர்கள். உங்களுக்குக் கோப்பி தருவார்கள். நோயாளியிடம் நீங்கள் கேட்கிற கேள்விக்கு அவர்கள் பதில் சொல்வார்கள். வைத்தியர் குறித்துத் தந்த நாளைத் தள்ளிப்போடுவார்கள். மிகவும் அன்பானவர்களாக இருப்பார்கள்."

மூன்றாவது வரிசையில் இருந்த செல்வமலர் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினாள். எழுதிக்கொண்டே மற்றக் கையால் கோட்டுப் பைக்குள் இருந்த வீட்டுத் திறப்பைத் தொட்டுப் பார்த்தாள். பியோர்ண்டாலில், மூன்றாம் மாடியில், அவளுடைய கணவர் குகதாசன் வீட்டுக்குள் இருந்தார். காலை ஏழரைக்கு அவரை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டு வந்திருந்தாள்.

"இது உண்மையாகவே ஒருவர் எழுதிய அறிக்கை, ஆளும் இடமும் தெரியாதபடி வாசிக்கிறேன்," என்றாள் றொஷானி. ஒரு கிழவர் தன் மனைவியைப் பூட்டிவிட்டு வெளியே போகிறார். அடுப்புக்குக் கரன்ட் வராமல் பியூஸைக் கழற்றி வைத்திருக்கிறார். மேசையில் துணி மூடிய பாண். கிழவி குளிர்கோட்டைப் போட்டுக்கொண்டு யன்னலடியில் நிற்கிறாள். அறிக்கையின் கடைசி வரிகளை றொஷானி மெதுவாக வாசித்தாள். "அவர் தன் மனைவியை நேசிக்கிறார். ஆனால் அவளுக்கு வெளியே போக வழியில்லை. இதைக் கண்டபிறகு நான் காணாததுபோல இருக்க முடியாது."

வாசித்து முடித்து, "இதைவிடத் திருத்தமான அறிக்கையை நான் பார்த்ததில்லை. எழுதியவர் இந்த அறைக்குள்தான் இருக்கிறார்," என்றாள்.

எழுதியவள் செல்வமலர். மூன்று வருடங்களுக்கு முன், குகதாசனுக்கு ஒன்றும் இல்லாதிருந்த காலத்தில் எழுதியது. பக்கத்தில் இருந்த சோமாலியப் பெண் எப்படியோ பிடித்துக்கொண்டு அவள் தோளில் மெல்லத் தட்டினாள். அந்தத் தட்டு செல்வமலருக்கு அறை விழுந்த மாதிரி இருந்தது. வெட்கத்தில் நிலத்துக்குள் புகுந்துவிடலாம் போல் இருந்தது, ஆனால் கொம்மூனவின் நிலம் வழுவழுப்பான லினோலியம், அது யாருக்கும் இடம் விடாது. சிரித்து வைத்தாள்.

இவ்வளவு தெரிந்த மனுசி தன் வீட்டில் இதைச் செய்வாளா என்று நீங்கள் கேட்பீர்கள். பத்து நிமிட நடையில் பகல் பராமரிப்பு நிலையம் இருக்கிறது. எந்தப் படிவத்தை நிரப்பவேண்டும், எந்த வரியில் எதை எழுதினால் இடம் கிடைக்கும் என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மற்றவர்களுக்கு எத்தனையோ தடவை நிரப்பிக் கொடுத்திருக்கிறாள். அவளைத் தடுத்தது ஒரேயொரு விஷயம். குகதாசனின் வாயில் அண்மைக் காலமாக ஒரு பெயர் வந்துகொண்டிருந்தது. அந்தப் பெயரை வெளி ஆட்கள் கேட்கக்கூடாது.

அந்தப் பெயர் புஷ்பராணி.

செல்வமலர் என்பது அவளுடைய அக்காவின் பெயர். அச்சுவேலியில் இருந்த அக்காவை, நோர்வேயின் வடக்கே பாட்ஸ்பியோர்டில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்த குகதாசனுக்கு, போட்டோ பார்த்து நிச்சயம் செய்திருந்தார்கள். பாஸ்போட், பிறப்புச் சான்றிதழ், எல்லாம் அக்காவின் பெயரில் நோர்வேக்குப் போனது. எண்பத்தொன்பதாம் ஆண்டு விசா வந்தது. அது வந்து சேருவதற்கு ஒன்றரை மாதம் முன்னதாக, நெருப்புக்காய்ச்சலில், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சண்டையால் பாதை திறக்காத ஒரு கிழமையில் அக்கா செத்துப்போனாள். விசா வந்தபின் அப்பா மூன்று நாள் யாரோடும் கதைக்கவில்லை. நாலாம் நாள் இளையவளைக் கூப்பிட்டு, "விசா வந்திட்டுது. நீ போ," என்றார். இரண்டு பேருக்கும் ஒரே முகவெட்டு. அவளுக்குப் பதினெட்டு வயது, பாஸ்போட்டில் இருபத்துமூன்று.

எங்கள் சனத்தில் இது அதிசயம் இல்லை. மச்சானின் பெயரில் வந்தவர்கள், செத்த தம்பியின் சான்றிதழில் வந்தவர்கள் என்று எத்தனையோ பேர். உயிர் தப்ப வேண்டிய நேரத்தில் பெயரைப் பார்த்துக்கொண்டு யாரும் நிற்கவில்லை. அவர்களைக் குற்றம் சொல்கிறவர்கள் அந்தக் கிழமை அச்சுவேலியில் இருந்து பார்த்திருக்க வேண்டும். நாமும் இப்போதைக்கு ஊரோடு சேர்ந்து அவளைச் செல்வமலர் என்றே சொல்லுவோம்.

குகதாசன் நல்ல மனுசன். விமான நிலையத்தில் முகத்தைக் கண்டதும் ஆள் மாறிப்போனது அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒரு சத்தம் போடவில்லை. அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டு, உண்மையான பெயரைக் கேட்டார். சொன்னாள். பிறந்தநாளையும் கேட்டார். கார்த்திகை ஒன்பது என்றாள்.

"இந்தப் பேரை நான் இனிச் சொல்லமாட்டன்," என்றார். "பலகைச் சுவர், பக்கத்து அறையில நாலு பேர் இருக்கிறாங்கள். ஒருக்கா வாய் பழகினால் பிறகு எங்கையும் வரும். வீட்டிலையும் நீர் செல்வமலர்தான்."

வதிவிட அனுமதிக்குப் பதியப் பொலிஸ் கந்தோருக்குப் போகும்வரை மூன்று கிழமை அவளுக்குப் பாடம் நடந்தது. மீன் வாடை அடிக்கும் அந்த அறையில் அவர் எதிரே இருந்து கேட்பார். பேர் என்ன, பிறந்த திகதி என்ன, கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர். அவள் முழங்கைகளை மேசையில் வைத்தபடி அக்காவின் பதில்களைச் சொல்வாள். கூடப் பிறந்தவர்களைக் கேட்கும் இடத்தில் மட்டும் ஒவ்வொரு நாளும் அழுகை வந்துவிடும். அங்கே அவர் அவளுக்காகப் பதிலைச் சொல்லிக் கொடுத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார்.

அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். முப்பத்தைந்து வருடத்தில் ஒருநாள்கூட அந்தப் பெயர் அவர் வாயில் வரவில்லை. ஆனால் ஒவ்வொரு கார்த்திகை ஒன்பதும், தேங்காய்ப்பூ தூவிய பன் ஒன்று அவளுடைய சாப்பாட்டுப் பெட்டிக்குள் இருக்கும். அதைப்பற்றி இருவரும் ஒன்றும் கதைப்பதில்லை. ஒஸ்லோவுக்கு வந்து, அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் பராமரிப்பாளராகச் சேர்ந்து, அவள் படித்துச் சான்றிதழ் எடுத்து, மகள் மயூரா பிறந்து வளர்ந்து, எல்லாம் நடந்த பிறகும் அந்தப் பன் தவறவில்லை. பாஸ்போட்டில் இருந்த அக்காவின் திகதிப்படி வந்த ஐம்பதாவது பிறந்தநாளுக்கு மயூரா மண்டபம் எடுத்து, நூற்றைம்பது பேரைக் கூப்பிட்டுக் கேக் வெட்ட வைத்தாள். நாற்பத்தைந்து வயது மனுசி ஐம்பது மெழுகுதிரியை ஊதி அணைத்தாள். சனம் எல்லாம், உங்களுக்கு வயது தெரியவேயில்லை என்று சொன்னது.

போன வருடம் பன் வரவில்லை. அன்றைக்குத்தான் அவள் விளங்கிக்கொண்டாள். திறப்பை மறப்பது, பஸ் மாறி ஏறுவது எல்லாவற்றுக்கும் அதுவரை ஏதாவது சாட்டுச் சொல்லி வந்தவள், வேலையிடத்துக் கழிவறைக்குள் இருந்து வெறும் பெட்டியைப் பார்த்து அழுதாள்.

பன் போனது, பெயர் வந்தது. முப்பத்தைந்து வருடம் அடக்கி வைத்ததை நோய் திறந்துவிட்டது. தமிழ்க் கடையில், சனத்துக்கு நடுவில், "ராணி, இஞ்சை வாரும், நல்ல வெண்டிக்காய் கிடக்கு," என்று கூப்பிட்டார். அவள் திரும்பாமல் நின்றாள். "புஷ்பராணி!" என்று இன்னும் உரக்கக் கூப்பிட்டார். வெண்டிக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்த ஒரு மனுசி நிமிர்ந்து பார்த்தாள். ஒரு மாதத்துக்குள் கதை ஒஸ்லோ முழுக்கச் சுற்றியது. குகதாசனுக்குப் பாட்ஸ்பியோர்டில் ஒருத்தி இருந்தவளாம், புஷ்பராணியாம் பேர், மறதி வந்ததும் உள்ளே கிடந்தது வெளியே வருகுதாம், பாவம் செல்வமலர்.

மயூரா அதைக் கோயில் மண்டபத்தில் கேள்விப்பட்டாள். அங்கிருந்து நேரே தாய் வீட்டுக்கு வந்து, குசினியில் தாயைப் பிடித்தாள்.

"அம்மா, ஆரம்மா புஷ்பராணி?"

செல்வமலர் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். அப்போது சொல்லியிருக்கலாம். ஆனால் அவளுக்கு முன்னால் வந்து நின்றது பாஸ்போட். பொய்ப் பெயரில் வந்தவர்களின் பாஸ்போட்டை எத்தனை வருடம் கழித்தும் பறிப்பார்கள் என்று சனம் கதைப்பதை அவள் கேட்டிருக்கிறாள். வேலைச் சான்றிதழும் அக்காவின் பெயரில், கல்யாணமும் அக்காவின் பெயரில். ஒரு நூலை இழுத்தால் முழுவதும் கழன்று வந்துவிடும் என்று பயந்தாள்.

"அது பழைய கதை. விடு பிள்ளை," என்றாள்.

அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. மயூரா தாயைக் கட்டிப்பிடித்து அழுதாள். அதன்பிறகு தகப்பனோடு கதைப்பதைக் குறைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள், சாப்பாட்டைத் தகப்பனுக்கு முன்னால் வைப்பாள், முகத்தைப் பார்க்கமாட்டாள். அவர் "மயூ, மயூ" என்று பின்னால் போவார். ஒரு பாவமும் அறியாத மனுசனின் தலையில் களவுப் பெண்சாதியைக் கட்டிவிட்டுத் தான் மட்டும் நல்லவளாக நிற்பதை நினைத்துச் செல்வமலர் தன்னைத்தானே வெறுத்தாள். வெறுத்தாள், ஆனால் வாய் திறக்கவில்லை.

பிறகு பூட்டு வந்தது. உள்ளிருந்து கையால் திருப்பித் திறக்க முடியாத, இரண்டு பக்கமும் திறப்புப் போடுகிற பூட்டு. ஒரு சனிக்கிழமை வாங்கி வந்து கதவில் பொருத்தப் பார்த்தாள். முறுக்காணி சரிவாகப் போனது. குகதாசன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "கோணிப்போகுது உமக்கு, இஞ்சை தாரும்," என்று ஸ்க்ரூ டிரைவரை வாங்கினார். இருபத்தாறு வருடம் ஒரு பள்ளிக்கூடத்தின் அத்தனை கதவுகளையும் பார்த்துக்கொண்ட கை. பத்து நிமிடத்தில் அளவெடுத்தது போல் பொருத்தி, இரண்டு தரம் பூட்டித் திறந்து காட்டி, "நல்ல சாமான். இனி ஒருத்தரும் உள்ளுக்கு வரேலாது," என்றார். திறப்பைத் துடைத்து அவள் கையில் கொடுத்தார்.

கூர்ஸ் முடிந்து எல்லாரும் கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தபோது றொஷானி கிட்ட வந்தாள். தமிழுக்கு மாறினாள்.

"அன்ரி, அங்கிளைப் பற்றி வைத்தியர் எங்களுக்கு எழுதியிருக்கிறார். ரெண்டு முறை நாள் குடுத்தும் நீங்கள் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டியள்."

"அவருக்கு ஒண்டுமில்லை பிள்ளை. கொஞ்சம் களைப்பு."

"நோர்வேஜியனிலை கேட்டால் அங்கிளுக்குக் கஷ்டம்தானே. அதுதான், வாற வியாழக்கிழமை நானே வாறன். எல்லாத்தையும் தமிழிலை கேக்கலாம். வைத்தியர் அனுப்பின தாளிலை மயூராவின்ரை நம்பரும் இருந்தது, அவவுக்கும் சொல்லிப்போட்டன்."

நோர்வேஜியக்காரி ஒருத்தி வந்திருந்தால் மொழிபெயர்க்கிற சாட்டில் எதையும் எப்படியும் மாற்றியிருக்கலாம். அந்த வழியும் அடைபட்டது. இந்தப் பிள்ளை நல்ல மனதோடு செய்கிறாளே என்று ஆத்திரப்படவும் முடியவில்லை. செல்வமலர் "ஓம்" என்றாள்.

வியாழனுக்கு இடையில் நாலு நாள். ஒவ்வொரு பின்னேரமும் அவள் குகதாசனை மேசையில் இருத்திப் பாடம் எடுத்தாள்.

"ஆரும் கேட்டால் என்ரை பேர் என்ன?"

"செல்வமலர்."

"திருப்பிச் சொல்லுங்கோ."

"செல்வமலர்."

பத்து நிமிடம் கழித்து, "ராணி, எனக்குத் தேத்தண்ணி," என்பார். மறுபடி இருத்துவாள். மூன்றாம் நாள் பொறுமை போய் மேசையில் அடித்தாள். "அந்தப் பேரைச் சொல்லாதையுங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான்!" என்று கத்தினாள். அவர் மிரண்டுபோய் கதிரையின் ஓரத்துக்கு ஒதுங்கினார். அவளுக்குத் தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை. போய் அவர் தலையைத் தடவினாள். அவர் இன்னும் பயத்தோடுதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு றொஷானி வந்தாள். மயூரா வேலைக்கு லீவு போட்டு முன்னதாகவே வந்திருந்தாள். வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போது றொஷானியின் கண் பூட்டில் நின்றது. கொஞ்ச நேரம் நின்றது. சப்பாத்தை ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தாள். செல்வமலர் கோப்பி கொடுத்தாள், கொடுத்த பிறகுதான் கூர்ஸில் சொன்ன கோப்பி ஞாபகம் வந்தது.

குகதாசன் இஸ்திரி போட்ட சேட்டோடு கதிரையில் இருந்தார். றொஷானி தாளை மடியில் வைத்துக்கொண்டு சின்னச் சின்னதாகக் கேட்டாள். இன்றைக்கு என்ன கிழமை? தெரியவில்லை. என்ன மாதம்? வெளியே பார்த்துவிட்டு, "குளிர்," என்றார். காலையில் என்ன சாப்பிட்டீர்கள்? செல்வமலர் வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டாள். அவர் தெரியாது என்று தலையை ஆட்டினார். ஒவ்வொரு கேள்விக்கும் அவர் இன்னும் கொஞ்சம் குனிந்தார். றொஷானி பென்சிலால் சிறிய கோடு ஒன்று போட்டுக்கொண்டே போனாள்.

"சரி அங்கிள். உங்கட மனிசியின்ரை பேர் என்ன?"

அவர் நிமிர்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு. பதில் தெரிந்த ஒரு கேள்வி கடைசியில் வந்துவிட்டது.

"புஷ்பராணி," என்றார்.

மயூரா கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினாள். "அப்பா! அம்மா பக்கத்திலை இருக்கிறா. அவவுக்கு முன்னாலையே அந்தப் பேரைச் சொல்ல உங்களுக்கு வெக்கமில்லையோ?"

குகதாசனின் சிரிப்பு போய்விட்டது. மகளைப் பார்த்தார், றொஷானியைப் பார்த்தார், பிறகு செல்வமலரின் முகத்தைப் பார்த்தார். அங்கே எதைக் கண்டாரோ, முதுகை நேராக்கி, இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"இல்லை, பிழை," என்றார். "பேர் செல்வமலர். பிறந்தது அறுபத்தாறாம் ஆண்டு, மாசி பதினொண்டு. ஊர் அச்சுவேலி. கூடப் பிறந்தது ஒரு தங்கச்சி. தங்கச்சி காய்ச்சலிலை செத்துப்போனா."

சொல்லி முடித்துவிட்டு, பொலிஸ் கந்தோரில் இருப்பவர் போல அசையாமல் இருந்தார். பிறகு செல்வமலர் பக்கம் சாய்ந்து, "சரியோ?" என்று மெல்லக் கேட்டார்.

காலையில் தின்றது தெரியாத மனுசன். மாதம் தெரியாத மனுசன். மூளையில் எல்லாம் அழிந்துகொண்டு போகையில், அவளைக் காப்பாற்ற முப்பத்தாறு வருடத்துக்கு முன் படித்த பொய்யை ஒரு எழுத்துப் பிசகாமல் வைத்திருக்கிறார். அவளைக் காக்கத்தான் தங்கச்சியைச் சாகடித்துச் சொன்னார். அவளோ தன்னைக் காக்க அவரைப் பூட்டி வைத்திருக்கிறாள். அவர் இன்னும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிழை," என்றாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி சொன்னாள். "முதல் சொன்னதுதான் சரி. செத்தது அக்கா. மயூரா, அப்பாவுக்கு ஒருத்தியும் இருக்கேல்லை. புஷ்பராணி நான்தான்."

மயூரா நின்ற இடத்திலேயே நின்றாள். பிறகு தகப்பனின் கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தி, அவருடைய முழங்காலில் முகத்தைப் புதைத்தாள். குகதாசன், "மயூ, ஏன் அழுறீர்?" என்று கேட்டார்.

றொஷானி பென்சிலைத் தாளில் இருந்து தூக்கிவிட்டாள். "அன்ரி, இதை நான் எழுதினால் என்னவாகும் எண்டு..."

"தெரியும். கதவிலை கிடக்கிற பூட்டையும் எழுது. கண்டபிறகு காணாத மாதிரி இருக்கேலாது."

"அன்ரி..."

"அவர் பிழை விடேல்லை, பிள்ளை. அந்தக் கேள்விக்கு அவருக்குச் சரி போடு," என்றாள் புஷ்பராணி.